மூன்றாம் பக்கத்தில் செத்துப்போன பூவம்மா

ஸ்டானிஸ்லாஸ் அண்ணனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: கேட்காமல் யார் முகத்தையும் அவர் அச்சில் போட மாட்டார். முகத்துக்காரர் வேண்டாமென்றால் வரைந்ததைக் கிழித்துவிடுவார்.

ராயபுரத்துக்காரர். காசிமேட்டில் படகுகளுக்குப் பெயரும் நம்பரும் எழுதுவது பிழைப்பு. மதியம் பெயிண்ட் காயும் நேரத்தில் காமிக்ஸ் வரைவார். ‘லைட்ஹவுஸ் லாரன்ஸ்’ இருபத்திரண்டு இதழ் வந்துவிட்டது. கண்ணிலிருந்து வெளிச்சம் அடித்துப் படகுகளைக் கரை சேர்க்கும் ஹீரோ. ரொம்ப நல்லவன். திருடனைப் பிடித்தால்கூட டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்புவான்.

ஏழாம் இதழில் ஒரே ஒரு கட்டத்தில் ஒரு மீன்காரம்மா வந்தார். நெட்டுக்குப்பம் பூவம்மாவின் முகம். பறந்து வந்த லாரன்ஸைப் பார்த்து, “ஒலகத்த அப்பால காப்பாத்து, இந்தக் கூடைய கொஞ்சம் தூக்கி வுடு” என்றார். அவ்வளவுதான்! படித்த எங்களுக்கெல்லாம் லாரன்ஸ் மறந்தே போனான். பூவுக்குத் தனிப் புத்தகம் வேண்டும் என்று அண்ணனை அரித்தெடுத்தோம்.

அப்படிப் பிறந்தவள் ‘சாம்பல் பூவு’. லாரன்ஸ் மாதிரி மன்னிக்கிற ஆள் இல்லை. எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீரில் மூழ்கிச் செத்து, சாம்பல் நிறத்தில் எழுந்து வருபவள். ஆற்றில் சாம்பல் கொட்டியவன் வீட்டுச் சோற்றில் தினமும் ஒரு பிடி சாம்பல் விழும். கதவைப் பூட்டினாலும் விழும்.

“அக்கா, உன் மூஞ்ச வெச்சி தனி புக்கு போட்டுக்கட்டா?” என்று அண்ணன் கேட்டிருந்தார். “போட்டுக்கோ நைனா” என்றார் பூவம்மா. சாகிற விஷயத்தை மட்டும் அண்ணன் சொல்லவில்லை.

முந்நூறு பிரதி அச்சாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. விளம்பரத்துக்குப் போஸ்டர் அடித்தவர், காலடிப்பேட்டையில் அச்சுக்கடை வைத்திருக்கும் தோஸ்து தவ்ஃபீக். கதை சாவில் தொடங்குகிறதே என்று இருவரும் சேர்ந்து ஒரு யோசனை பண்ணினார்கள். கறுப்புக் கட்டம், பூவம்மா படம், மேலே பெரிதாகக் ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே பொடி எழுத்தில் ‘மறைவு: முதல் இதழ், மூன்றாம் பக்கம்’.

பொடி எழுத்தை யார் படித்தார்கள்?

சனிக்கிழமை விடிந்ததும் நெட்டுக்குப்பம் முழுக்க ஒட்டினார்கள். பூவம்மா அதற்கு முன்பே காசிமேட்டு ஏலத்துக்குப் போயிருந்தார். போனில் சார்ஜ் இல்லை. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு ஆள் வர நேரமாகும், சாவுக்கு ஷாமியானா அரை மணியில் வந்துவிடும். “பாடி வந்துகினு கீது” என்று யாரோ சொல்ல, எல்லோரும் மாலையோடு காத்திருந்தார்கள்.

பத்து மணிக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய பூவம்மா, தன் வீட்டு வாசலில் மேளம் அடித்தவரிடம் கேட்டார்.

“இன்னாப்பா? யாருக்கு இன்னா ஆச்சு?”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பூவம்மான்னு ஒரு மீன்காரம்மா பூட்ச்சாம். ஓரமா நில்லும்மா.”

ஓரமாகவே நின்றார். உள்ளே மார்பில் அடித்துக்கொண்டு அழுதது ஜெயக்கொடி. பக்கத்துக் கடைக்காரி. ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. “ஏ பூவு! உன் தராசு டுபாக்கூர்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேனே, பொய்டி அது, பொய்!”

பூவம்மா கூடையை இறக்கினார். “இத்த நான் உசுரோட இருக்கசொல்ல சொன்னா இன்னாடி?”

மேளம் நின்றது. ஜெயக்கொடி அலறினார். “செத்தும் சண்டைக்கு வர்றா பாரு!”

அடுத்த அரை மணியில் அண்ணன் ஓடி வந்தார், முந்நூறு பிரதியும் பையில். “தப்புக்கா. ஒரு வார்த்த சொல்லு, எல்லாத்தியும் கொளுத்திடறேன்.”

பூவம்மா ஒரு புத்தகத்தை எடுத்து, எழுத்துக்கூட்டி மூன்றாம் பக்கம் வரை படித்தார்.

“நான் எப்டிடா செத்தேன்?”

“சாம்பத் தண்ணில முங்கிக்கா.”

“முங்கியா? நெட்டுக்குப்பத்துக்காரி தண்ணில முங்கி செத்தான்னா எவன்டா நம்புவான்? சாவறத வேணான்னு சொல்லல. இப்டி கலீஜா சாவ மாட்டேன்.”

“அப்ப எப்டிக்கா?”

பூவம்மா கழிமுகம் இருக்கும் திசையைப் பார்த்தார். “வலை மாட்டிக்கிச்சின்னு எறங்குறேன். மேல இருந்து சாம்பல் கொட்டி மூடுது. தண்ணின்னா நீந்தலாம். சாம்பல்ல நீந்த முடியாது நைனா.”

அண்ணன் அங்கேயே, ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்து புதிதாக வரைந்தார். தவ்ஃபீக் முந்நூறு தாள் அடித்துக்கொண்டு வந்தார். பூவம்மாவும் ஜெயக்கொடியும் மேளக்காரரும் வரிசையாக உட்கார்ந்து பழைய பக்கத்தின் மேல் பசை தடவி ஒட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முந்நூறும் போய்விட்டது. என் பிரதியில் மூன்றாம் பக்கம் தடிமனாக இருக்கிறது, சங்கரா மீன் வாசம் அடிக்கிறது. சாம்பல் மூடிய பூவுக்கு மேலே குனிந்து ஒருத்தி அழுகிறாள், ஜெயக்கொடியின் முகம். ‘பொய்டி அது, பொய்!’ என்கிறாள். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது.

அந்த முகத்தையும் அண்ணன் கேட்டுத்தான் போட்டார். ஜெயக்கொடி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: “மூக்குத்தி தெரியணும்.”

தெரிகிறது.