உயிரோடிருப்பவளுக்கு ஒரு சுமைதாங்கி

குளச்சல் கரையில் செசிலி வருவதை அவள் மூச்சுச் சத்தமே சொல்லிவிடும். சின்ன வயதிலிருந்தே இழுப்பு நோய். வாய்க்கு மட்டும் இழுப்பு கிடையாது. புருஷனைக் கடல் கொண்டுபோன மறுமாதமே மீன்கூடையைத் தலையில் ஏற்றித் திங்கள்சந்தைக்கு நடக்கத் தொடங்கியவள்.

நெய்யூருக்கு முன்னால் ஒரு செம்மண் ஏற்றம், அதுதான் அவளுக்கு எமன். பாதியில் மூச்சு முட்டும். கூடையைத் தரையில் இறக்கினால் திரும்பத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். கூட வந்தவர்களோ மீன் கெடுமுன் சந்தையைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போயிருப்பார்கள். 1931 தவக்காலத்தில் அவள் அங்கே மயங்கி விழுந்தாள். சாளை மீன் அத்தனையும் மண்ணாகிப் போயிற்று.

“இனி நீ சுமக்காண்டாம். குளோரி சுமக்கட்டும்” என்றான் அண்ணன் கிளீட்டஸ்.

குளோரி அவள் ஒரே மகள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். விழுந்த அடியைவிட அந்தச் சொல்தான் செசிலிக்கு வலித்தது.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஜெயசிங் மருந்து கலந்து கொடுத்தார். “மூச்சு முட்டின பொறவு நிக்கப்பிடாது. முட்டுகதுக்கு முன்னாலயே சுமையை இறக்கணும். எம்புட்டு தூரம் தாங்கும்?”

செசிலிக்குக் கெஜக்கணக்கு தெரியாது, ஜெபமாலை தெரியும். உடம்பு தேறியதும் கூடையோடு ஏறிப் பார்த்தாள். ஜெபமாலையில் பத்து மணி உருட்டும்வரை தாங்கியது. ஏற்றமோ முப்பது மணி. இடையில் தலைச்சுமையை இறக்கிவைக்க இரண்டு சுமைதாங்கிக் கற்கள் இருந்தால் போதும். நின்றபடியே கூடையைக் கல்மேல் தள்ளலாம், நின்றபடியே எடுக்கலாம்.

அவற்றை நடப்போகிறேன் என்று அவள் சொன்னதும் கரையே கொதித்தது. வயிற்றுப் பிள்ளையோடு செத்தவள் பேரில்தானே சுமைதாங்கி நடுவார்கள்? கிளீட்டஸ் அழுதேவிட்டான்.

“கல்லு ஆளைக் கொண்டுபோவும், செசிலி. நீ வருசம் தாண்டமாட்டே.”

“கல்லு இல்லாட்டிதான் தாண்டமாட்டேன், அண்ணே.”

ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெயசிங் கோயில் முற்றத்துக்கே வந்து நின்றார். நெஞ்சு நோயோடு அந்த ஏற்றம் ஏறி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எத்தனை பேர், பாதியில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று சொன்னார். கூடைக்காரிகள்தான் முதலில் கல் இழுக்கும் கயிற்றைப் பிடித்தார்கள். ஆம்பிளைகளுக்கு ரோஷம் வந்து, கட்டுமரம் இழுக்கிற அம்பாப் பாட்டோடு இரண்டு கற்களையும் ஏற்றத்துக்கு இழுத்தார்கள். கிளீட்டஸ் மட்டும் வரவில்லை.

கல்லில் செத்தவள் பேர் வெட்டுகிற இடத்தில், குளோரி எழுதிக்கொடுத்ததைப் பார்த்துக் கொத்தன் வெட்டினான்: ‘மூச்சு வாங்குகிறவர்களுக்கு.’

செசிலி வருசம் தாண்டினாள். ஏழு வருசம் தாண்டினாள். இழுப்பு அவளை விட்டுப் போகவில்லை, அவளும் சந்தையை விடவில்லை. குளோரி தலையில் கூடை ஏறவே இல்லை. அவள் இப்போது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சர்.

1938இல் ஒரு காலை, முதல் கல்லில் ஒருவன் சாய்ந்து இரைத்துக்கொண்டிருந்தான். பீடியால் நெஞ்சு கெட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட கிளீட்டஸ். செசிலி கூடையோடு வந்து நின்றாள்.

“நவுரு அண்ணே. உயிரோட இருக்கவளுக்குக் கூடை இறக்கணும்.”

அவன் தலைகுனிந்தபடி நகர்ந்து, கூடையைத் தானே கைநீட்டி வாங்கிக் கல்மேல் வைத்தான். இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

“அடுத்த கல்லு எம்புட்டு தூரம்ட்டி?”

“பத்து மணிதான்” என்று கூடையைத் தலைக்கு ஏற்றினாள் செசிலி. கிளீட்டஸ் மடியிலிருந்து ஜெபமாலையை எடுத்து முதல் மணியை உருட்டினான்.