ராஹூயி போட்ட கடல்

மெரேயானா எங்கள் விரிகுடாவில் இருபது வருஷமாகக் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டக் கற்றுத்தருகிறாள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நேற்று ஒருவன் கடலில் மூழ்கிப்போனான். உடல் இன்னும் கிடைக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள், இறந்தவனுக்காகக் கடலை மூடிவைக்கும் ராஹூயி போட்டுவிட்டார்கள்: அந்தத் தடையை எடுக்கும்வரை யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது.

இன்று காலை வந்த பயணி ஒருவன் அதை மதிக்காமல் கயாக்கைத் தள்ளினான். இவள் குறுக்கே போய் நின்றாள்.

"துடுப்பைக் கீழ வை."

"கடல் குளம் மாதிரி கிடக்கு. உன் சொந்தக்காரன் செத்ததுக்கு நான் ஏன் கரையில நிக்கணும்?"

துடுப்பு அவள் நெஞ்சில் இடித்தது. கரையில் நின்ற நாங்கள் அவளிடம் ஓடினோம். அவள் அசையவில்லை.

"சொந்தக்காரன் இல்ல. உன்னை மாதிரி ஊர் சுத்திப் பாக்க வந்தவன். பேர்கூட எனக்குத் தெரியாது. நாளைக்கு நீ முழுகினாலும் இப்படித்தான் மறிச்சுக்கிட்டு நிப்பேன்."