கல்லாறு வரை போன கடைவாய்ப் பல்

பொன்முடி போக வேண்டும் என்று நானும் தங்கை ஜெனியும் பல மாதங்களாகத் திட்டம் போட்டு, ஒருவழியாகப் போன மாதம்தான் விடுப்பு கிடைத்தது. சரியாக அந்த வாரம் பார்த்து என் வலது கடைவாய்ப் பல் வேலையைக் காட்டியது. இடது பக்கப் பல்லை முன்பே பிடுங்கியாகிவிட்டது. இதுவும் போனால் முறுக்கையும் எலும்புக் கறியையும் இனி வேடிக்கைதான் பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்தில் ஐடி வேலை பார்க்கும் ஜெனி, "எக்கா, இங்க வந்து ரூட் கெனால் பண்ணிட்டு, அப்படியே மலைக்குப் போவோம்" என்றாள். ஒரே டிக்கெட்டில் பல்லும் மலையும்! உடனே பையைக் கட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நாகர்கோவிலில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் திருவனந்தபுரம். ஸ்டேஷனிலிருந்து ஆரியசாலைக்குப் பக்கத்திலிருக்கும் கிளினிக்குக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். டாக்டர் அந்தத் தெருவிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண். வெறும் வயிற்றோடு வந்திருப்பதை அவரிடம் பெருமையாகச் சொன்னேன். எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரி என்றாலே பட்டினிதான்.

"அய்யோ, இது வயித்து ஆபரேஷன் ஒண்ணும் அல்லல்லோ" என்றார். "ஊசி போட்டா கன்னம் மரத்துப்போகும். பின்ன ரெண்டு மூணு மணிக்கூர் எதையும் மெல்ல முடியாது. போய் தோசை தின்னுட்டு வாங்க."

தின்றுவிட்டு வந்தேன். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் சீழ் தெரிந்தது. பல்லின் மேல் மெல்லிய விரிசல் வேறு. அது வேர் வரை இறங்கியிருந்தால் பிடுங்குவது தவிர வழியில்லை, திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். ஊசி மட்டும் சுருக்கென்றது, அதன்பின் சத்தியமாக வலியே இல்லை. சிறிது நேரத்தில், "விரிசல் மேல மட்டும்தான், பல்ல காப்பாத்திடலாம்" என்று அவர் சொன்னபோது, வாய் திறந்திருந்ததால் சிரிக்க முடியாமல் கண்ணால் சிரித்தேன். உள்ளே சுத்தம் செய்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்தார்.

"அந்தப் பக்கம் மெல்லப்படாது, கேட்டோ. திங்கட்கிழமை வாங்க, நிரப்பிடலாம். பின்ன பல்லுக்கு மேல மூடி மாதிரி கேப் போடணும்."

சனிக்கிழமை எழுந்தால் வலி போன இடம் தெரியவில்லை. வேலை முடிந்ததென்றே நினைத்துவிட்டேன். டாக்ஸி பிடித்து, ஒன்றரை மணி நேரத்தில் மலையடிவாரத்தில் கல்லாறு. பாறைகளுக்கிடையில் ஓடும் தண்ணீரில் கால் வைத்ததும் உச்சந்தலை வரை ஜில்லென்றது. அந்தக் குதூகலத்தில், கரையில் வாங்கிய சூடான மரச்சீனிக் கிழங்கு வறுவலை அடைத்த பக்கத்திலும் சேர்த்து நொறுக்கினேன். கடைசியில் கையில் துப்பிப் பார்த்தால் வெள்ளையாக ஒரு கட்டி. பல்லை அடைத்திருந்த மருந்து!

"வலிக்குதாக்கா?"

"ஒண்ணும் இல்லட்டி. மேல போவோம், திங்கட்கிழமை பாத்துக்கலாம்."

ஜெனி கேட்கவில்லை. டாக்டரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, வலி சொல்ற நரம்பத்தான் நேத்து நான் எடுத்தாச்சே. இனி பல் பிளந்தாலும் உங்களுக்கு சட்டுன்னு தெரியாது. வேற ஒண்ணும் மெல்லாம இப்பவே வாங்க."

மேலே பனிமூட்டத்தில் பொன்முடி. இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள்தான் பாக்கி. ஆசை விடவில்லை. ஆனாலும் டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். வழி நெடுக நாக்கைக்கூட அசைக்கவில்லை. கிளினிக்கில் டாக்டர் விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "விரிசல் இறங்கலை" என்றார். அப்போதுதான் மூச்சே வந்தது.

மறுபடி அடைத்து, திங்களன்று நிரப்பி, அடுத்த வாரம் கேப் போட்டார். எல்லாம் சேர்த்து எனக்குப் பதினோராயிரம் ஆனது, இடத்துக்கு இடம் மாறும். போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சர்க்கரை, பிரஷருக்கு மாத்திரை எடுத்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரப்பு விடும் வரை சூடாக எதுவும் வேண்டாம், எதையும் மெல்லவும் வேண்டாம், கன்னத்தையே கடித்துக்கொள்வீர்கள். மலையேறுவதென்றால் கேப் போட்ட பிறகு ஏறுங்கள். வலி நின்றதும் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

வலிக்கிற பல்லை யாரும் மறப்பதில்லை. என்னுடையது இனி வாய் திறந்து முறையிடாது. அதனால் தினமும் பல் தேய்க்கும்போது, கண்ணாடி முன் நின்று நானே அதை நலம் விசாரிக்கிறேன்.