பார்சல் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது

அப்பார்ட்மென்ட் சங்க ஆபீசில் வேலை என்றால் ஆபீசில் உட்காருவது இல்லை, வாட்ஸப் குரூப்பில் உட்காருவது.

ப்ளஸ் டூவோடு படிப்பு போதும் என்று நிறுத்திவிட்டு, ஆவடி பருத்திப்பட்டில் ஏரி தெரிகிற ஒரு குடியிருப்பில் இந்த வேலைக்கு வந்தேன். ஒரே இடத்தில் உட்கார முடியாது என்றுதான் படிப்பை விட்டேன். இங்கேயும் உட்கார்ந்துதான் இருக்கிறேன், விரல் மட்டும் ஓடுகிறது. சங்கத்துக்கென்று ஒரு போன். அதில் என் பெயர் கிடையாது, கட்டடத்தின் படம்தான் இருக்கும். நீங்களும் ஏதாவது ஒரு குரூப்புக்கு அட்மினாக மாட்டியவர் என்றால் உங்களுக்கு விளக்கவே வேண்டாம். மாட்டாதவர்கள் படியுங்கள். எங்கள் வளாகத்தைப் பெருக்குகிற செல்வி அக்காவுக்குப் பிழைப்பே போகப் பார்த்தது இந்த போனால்தான்.

தண்ணீர் வராது

மோட்டார் ரிப்பேர். காலையில் தண்ணீர் வராது என்று முந்தின நாளே குரூப்பில் போட்டேன். உடனே அதற்குக் கீழே ஒரு ரோஜாப்பூ, அதற்குக் கீழே முருகர், அதற்குக் கீழே சர்க்கரை வியாதிக்கு வெண்டைக்காய் வைத்தியம். என் தகவல் எங்கேயோ மேலே போய்விட்டது. மறுபடி போட்டேன். ஒருவர் கைகூப்பினார். அது தண்ணீருக்கா முருகருக்கா என்று தெரியவில்லை.

மறுநாள் பி பிளாக் சார் ஒருவர் துண்டைக் கட்டிக்கொண்டு, தலை முழுக்க ஷாம்பு நுரையோடு ஆபீஸ் வாசலில் நிற்கிறார். "குரூப்ல போட்டேனே சார்" என்றேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "குரூப்ல போட்டா யாரும்மா பாப்பாங்க? எனக்குச் சொல்லணும்ல?"

ஓகே வரணும்

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். நான் எதையும் சொந்தமாக எழுதக் கூடாது. முதலில் கமிட்டிக்காரர்களின் சின்ன குரூப்பில் போட வேண்டும். அவர்கள் ஓகே சொன்னால்தான் பெரிய குரூப்பில் போடலாம்.

ஒருநாள் லிஃப்டில் யாரோ வாந்தி எடுத்துவிட்டார்கள். அதை எழுதி அனுப்பினேன். 'வாந்தி' வேண்டாம், 'அசுத்தம்' என்று போடு என்றார் ஒருவர். இன்னொருவர் வேண்டுகோள் மாதிரி இருக்கட்டும் என்றார். மூன்றாமவர் காலை வணக்கம் சொன்னார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அதற்குள் செல்வி அக்கா லிஃப்டைக் கழுவித் துடைத்து, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் தோள் வழியாக போனை எட்டிப் பார்த்தார்: "இன்னும் வாந்தியப் பத்தியா பேசிகினு கீறாங்க? நான் காப்பியே குட்ச்சிட்டு வந்துட்டேன்."

உஷார்

ஏ பிளாக் கவிதா மேடம் ஐடிக்காரர், வீட்டிலிருந்தே வேலை. ஒருநாள் மதியம் ஆபீசுக்கு போன் போட்டார். கேட்டில் அவருக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறதாம். செல்வி அக்காவிடம் சொல்லி வீட்டு வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் வைக்க வேண்டும், வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் பக்கத்து வீட்டு நாய் கடித்துப் போடுகிறது. சொன்னேன். அக்கா கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அவ்வளவுதான் வேலை.

சாயங்காலம் மேடத்தின் கணவர் பிரபு சார் கேட்டில் பார்சலைக் கேட்டிருக்கிறார். செக்யூரிட்டி ஷிஃப்ட் மாறிவிட்டது, புது ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வளாகத்துக் கேமராவில் பதிவாவதை எல்லோரும் போனிலேயே பார்க்கலாம். செல்வி அக்கா பார்சலோடு போகிற இடத்தை மட்டும் பிரபு சார் வெட்டி எடுத்து, "பார்சல் திருட்டு, உஷார்" என்று குரூப்பில் போட்டுவிட்டார். அவ்வளவு நேரம் செத்துக் கிடந்த குரூப் எழுந்து உட்கார்ந்தது. எனக்கு அப்பவே சந்தேகம் என்றார் ஒருவர். என் குடையும் காணோம் என்றார் இன்னொருவர். ஆளை உடனே நிறுத்துங்கள் என்றார்கள். வரிசையாகச் சிவப்பு மூஞ்சிகள்.

கவிதா மேடத்துக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. நடந்ததைக் கமிட்டிக்கு எழுதினேன். "நாளை மீட்டிங்கில் பேசலாம், அதுவரை எதுவும் போடாதே" என்று பதில் வந்தது. நாளைக்குள் அக்காவின் மூஞ்சி எங்கெங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பெரிய குரூப்பில் எழுதினேன்: "திருட்டு இல்லை. கவிதா மேடம் சொல்லித்தான் செல்வி அக்கா எடுத்துப் போனார். பிரபு சார், பார்சல் உங்கள் வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. கதவைத் திறந்து பாருங்கள்." கொஞ்ச நேரத்தில் பிரபு சார் ஒரு கட்டைவிரலைப் போட்டார். அத்தோடு சரி. உடனே செயலாளர் சார் என்னைக் கூப்பிட்டார்: "பார்சல் கெடச்சது சரிம்மா. நீ யார்கிட்ட ஓகே வாங்கின?"

பக்கத்து ரூம்

கவிதா மேடம் அன்றைக்கே ஆபீசுக்கு வந்தார். விஷயத்தை யாரோ லிஃப்டில் சொல்லித்தான் அவருக்குத் தெரியுமாம். முகமே சரியில்லை. "சார் போட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க மேடம்?" என்று நேராகவே கேட்டேன். அவர் சொன்னது: "பக்கத்து ரூம்லதான் இருந்தேன். அந்த குரூப்ப மியூட்ல போட்டு எவ்ளோ நாளாச்சு."

கேட்டுக்கு வெளியே

பிரபு சார் வீடியோவை அழித்துவிட்டார். எங்கள் குரூப்பில்தான் அழிந்தது. செல்வி அக்கா இங்கே பெருக்குவதற்கு முன்னால் அடுத்த தெரு குடியிருப்பில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். இரண்டு வீட்டிலும் மறுநாள் காலையிலேயே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீடியோ அங்கே போயிருந்தது, என் பதில் போகவில்லை. நல்ல செய்தியை யார் ஃபார்வர்டு செய்கிறார்கள்?

கோபத்தில் வெயிலோடு அங்கே போனேன். அங்கேயும் ஒரு ஆபீஸ், ஒரு போன், என் வயசில் ஒரு பையன். என் பதிலையும் அவர்கள் குரூப்பில் போடச் சொன்னேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டான். பாவம், அவனுக்கும் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. கடைசியில் சொன்னான்: "புரியுதுங்க. ஆனா எங்க கமிட்டில ஓகே வரணும்."

ரெண்டு கதவு

அடுத்த நாள் கவிதா மேடத்தை விடவில்லை. கம்பெனி மீட்டிங் இருக்கிறது என்றார். "அக்காவுக்கு ரெண்டு வீட்டு வேலையும் போச்சு மேடம்" என்றேன். கிளம்பிவிட்டார். அவர், செல்வி அக்கா, நான், மூன்று பேரும் போய் முதல் வீட்டு பெல்லை அடித்தோம். நான்தான் எடுத்து வைக்கச் சொன்னேன் என்று மேடம் தன் வாயாலேயே சொன்னார். அந்த வீட்டம்மா அக்காவை நேராகப் பார்க்கவில்லை, நாளையிலிருந்து வரச் சொன்னார். அப்புறம் மேடத்திடம் சொன்னார்: "நான் அந்த வீடியோவ பாக்கவே இல்லைங்க. வந்துச்சு, அனுப்பிட்டேன்."

இரண்டாவது வீட்டில் கதவு பாதிதான் திறந்தது. மேடம் சொன்னதையே மறுபடி சொன்னார். குரூப்பில் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது, கதவு மூடிக்கொண்டது. மேடம் உடனே போனை எடுத்தார், யாருக்கு அடிப்பது என்று தெரியாமல் நின்றார். செல்வி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார்: "இந்தம்மா கொயந்தைக்கு நான்தான் சோறு ஊட்னேன். என்னாண்ட ஒரு வார்த்த கேட்டா இன்னாவாம்?"

ஒரு வீடியோ ஆவடி முழுக்கப் போக ஒரு விரல் போதும், அதில் இருக்கிற ஆளிடம் போய் ஒரு வார்த்தை கேட்க மட்டும் யாருக்கும் கால் வருவதில்லை.