அனுப்பம்பட்டு வீட்டில் மூன்று இறால்கள்

கடல்மீன் தொட்டி பராமரிக்கிறவன் என்றால் நாள் முழுக்க மீனோடு கொஞ்சுகிறவன் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அட போங்க, எங்கள் வேலையில் முக்கால்வாசி தண்ணி தூக்குவது, மிச்சம் துக்கம் விசாரிப்பது. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து மொபெட்டில் முன்னால் ஒன்றும் பின்னால் ரெண்டுமாகக் கேன் கட்டிக்கொண்டு பொன்னேரிப் பக்கம் போகிறவனைப் பார்த்திருந்தால், அது நான்தான். உங்களில் யாராவது வீட்டில் கோமாளி மீன் வளர்த்து, காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் இன்றைக்கு யார் செத்தார்கள் என்று தொட்டிக்குள் தேடுகிறவராக இருந்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நாம் ஒரே கட்சி.

மீனுக்கு ஏ.சி.

என் நைனா இன்னும் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். தொட்டிகளுக்கு வேண்டிய கடல் தண்ணியை அவர்தான் அலை தாண்டிப் போய் மொண்டு வருவார். கரையோரம் மொண்டால் கலீஜ். மழைக்காலத்தில் ஏரி கடலில் சேர்கிற முகத்துவாரத்துப் பக்கம் மொண்டால் ஏரித் தண்ணி கலந்து உப்பு குறைந்துவிடும். நான் உப்பு பார்க்கும் கருவியைத் துடைத்து எடுப்பதற்குள் அவர் விரலை விட்டு நாக்கில் வைத்து, "சரியா கீது, எட்துனு போ" என்பார். கருவியும் அதையேதான் சொல்லும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் அவரைப் பொன்னேரியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தொட்டியைக் காட்டினேன். மேலே நீல விளக்கு, கீழே வெயில் காலத்தில் தண்ணி சூடாகாமல் குளிர வைக்கும் மெஷின். நைனா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெளியே வந்து பீடியைப் பற்றவைத்த பிறகு சொன்னார்: "நம்ம வூட்டு ஃபேனு ரெண்டு மாசமா சுத்தல, இங்க மீனுக்கு ஏசி போட்டுகீறான். அப்பவும் அது மூஞ்சில சந்தோசம் இல்லியேடா."

மீனும் தூங்கட்டும்

அதே ஜவுளிக்கடைக்காரர். ஒரு காலையில் போன் செய்து, "உடனே வாப்பா, எல்லாம் ஒருமாதிரி படுத்துகிட்டு இருக்கு" என்றார். போய்ப் பார்த்தால் ஒருமாதிரி எல்லாம் இல்லை, செத்தே போயிருந்தன. ஒன்பது மீன். தண்ணி ஓடிக்கொண்டே இருந்தால்தான் அதில் காற்று கலக்கும், நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும் என்று அவருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது, சுவிட்ச்தான் அணைந்திருந்தது. யார் அணைத்தது என்று கேட்டதற்கு அவர் கொஞ்சமும் தயங்கவில்லை: "நான்தாம்பா. சத்தம் ஒரே பேஜாரா இருந்துச்சு. அதுங்களும் ஒரு ராத்திரியாவது நிம்மதியா தூங்கட்டுமேனு நிறுத்துனேன்."

எத்தன இறா?

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். அனுப்பம்பட்டு வீட்டை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்காது.

சாமுவேல் அண்ணன் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழெட்டு வருஷம் தன் கையாலேயே தொட்டியைப் பார்த்துக்கொண்டார். எனக்கே சில விஷயம் அவர் சொல்லித்தான் தெரியும். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது, பேச்சும் போனது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிறவர், எப்படியாவது அவரைப் பேச வையுங்கள், பேசப் பேசத்தான் நாக்கு திரும்பும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மனைவி எஸ்தர் அக்கா என்னென்னவோ செய்து பார்த்தார். ஜெபப் புத்தகம், பேரப்பிள்ளைகள் போட்டோ, பழைய ரயில் கதை. மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போட்டார்கள். உள்ளே ரெண்டு கோமாளி மீன், அதுகள் பதுங்கிக்கொள்ள பூ மாதிரி விரிகிற ஒரு கடல்சாமந்தி, கொஞ்சம் நத்தை, அப்புறம் சிவப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட மூன்று இறால். அந்த இறால்கள் மீன் உடம்பில் ஏறி அழுக்கைக் கொத்தி எடுக்கும். அக்கா தினமும் காலையில் கேட்பார், "எத்தன இறா?" அண்ணன் ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்து, வாயைக் கோணி, "மூ...ணு" என்பார். அப்புறம் மெதுவாக "மீ...னு", "தண்...ணி". அப்படியே ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. நான் போனபோது அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "முப்பத்தாறு வருசம் குடும்பம் நடத்துனேன் தம்பி, என் பேரு வரல. இறாவுக்கு வருது பாரேன்."

பல்லு வெளக்குற தண்ணி

ஐப்பசி மழை பிடித்த கொஞ்ச நாளில் முதல் இறால் செத்தது. பழைய ஓட்டைக் கழற்றும்போது பாதியில் நின்றுவிட்டது. சரி, நடக்கிறதுதான் என்று விட்டேன். அப்புறம் நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று மல்லாக்க விழுந்தன. அடுத்த வாரம் ரெண்டாவது இறாலும் போனது. மீன்கள் மட்டும் கல்லு மாதிரி தெம்பாக இருந்தன. உப்பு பார்த்தேன், சூடு பார்த்தேன், என்னிடம் இருந்த சோதனை மருந்தையெல்லாம் சொட்டு சொட்டாக விட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. அண்ணன் "ஒண்...ணு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதாக அக்கா போனில் அழுதார்.

மழை நேரம், அதனால் தண்ணிதான் கெட்டிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். அலை தாண்டப் பயந்துகொண்டு முகத்துவாரத்திலேயே மொண்டு வந்துவிட்டீர்களா என்று நைனாவிடம் கத்தினேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் தலையைக்கூடத் தூக்கவில்லை: "இந்தத் தண்ணிலதான்டா நான் அம்பது வருசமா பல்லு வெளக்குறேன். நீ போய் அந்த வூட்ல இன்னா பண்றாங்கனு பாரு."

அதுங்களும் நம்ம வீட்டு ஜீவன்

எப்போதும் சாயந்திரம் போகிறவன், மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். எஸ்தர் அக்கா தொட்டிக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அது தப்பில்லை. தொட்டியில் தண்ணி ஆவியாகும், உப்பு ஆகாது, அதனால் தினமும் ரெண்டு லிட்டர் உப்பில்லாத தண்ணி சேர்க்கணும். அதற்கு நான் கேனில் கொண்டுவந்து வைத்திருந்தேன். அந்தக் கேன் மூடி பிரிக்காமல் மூலையில் கிடந்தது. அக்கா கையில் இருந்தது பளபளவென்று புளி போட்டுத் தேய்த்த செப்புக் குடம்.

"ராத்திரி பூரா செம்புல வெச்ச தண்ணி தம்பி. மழ ஆரம்பிச்சதுலேர்ந்து நாங்க இதான் குடிக்கறோம். உடம்புக்கு அவ்ளோ நல்லதாம். உன் பிளாஸ்டிக் தண்ணிய ஊத்த மனசு வரல. அதுங்களும் நம்ம வீட்டு ஜீவன் தான?"

மீனுக்கு நோய் வந்தால் செம்பையே மருந்தாகப் போடுவார்கள், ஆனால் இறாலுக்கும் நத்தைக்கும் சாமந்திக்கும் அது துளித்துளியாக ஏறும் விஷம். எல்லாச் சோதனையும் செய்தவன் செம்புக்கு மட்டும் செய்யவில்லை. கடல் தண்ணியில் செம்பு எங்கிருந்து வரும் என்கிற திமிர். இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அக்காவின் முதுகுக்குப் பின்னால், கட்டிலில், அண்ணன் இடது கையைத் தூக்கினார். சத்தம் வராமல் "வே...ணாம்" என்று வாயை அசைத்தார். செம்பு இறாலுக்கு ஆகாது என்று அந்த மனுஷனுக்குத் தெரியாதா? தினமும் கண் எதிரே ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறார். முதலில் சொல்ல வார்த்தை வரவில்லையோ, அப்புறம் சொல்ல மனசு வரவில்லையோ, எனக்குத் தெரியாது.

"நான்தான்கா மழத்தண்ணி கலந்த கடல்தண்ணிய கொண்டாந்துட்டேன், என் தப்புதான்" என்று சொல்லிவிட்டேன். தொட்டியில் செம்பை இழுக்கிற கரியைப் போட்டேன். இனிமேல் நானே வந்து தண்ணி ஊற்றுகிறேன் என்றேன். அக்கா குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் என்னைப் பார்த்தார்: "உன்ன நம்பித்தானடா உட்டேன்? அவரு வாய்ல இருந்த நாலு வார்த்தையையும் புடுங்கிட்டியே."

சீக்கிரம் தேறட்டும்னு

நாலு நாள் போன் செய்தேன், அக்கா எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் கூப்பிடாமலே போனேன். கடைசி இறால் பாறை மேல் சாய்ந்து கிடந்தது. சாமந்தி சுருங்கி வாயைப் பிளந்திருந்தது. காலையில் அக்கா கேட்டபோது அண்ணன் பதிலே சொல்லவில்லையாம், நத்தைகள் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"உன் கடல் தண்ணி சகவாசமே வேணாம்" என்றார் அக்கா. "இப்ப நான் காலைல, சாயந்திரம், ரெண்டு வேளையும் செம்புத் தண்ணி ஊத்தறேன். மிச்சம் இருக்கறதாவது சீக்கிரம் தேறட்டும்னு."

என் பொய்க்கு இது கூலி. இதற்கு மேல் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? அண்ணன் பக்கம் திரும்பாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செம்பை, குடத்தை, தினமும் ஊற்றிய ரெண்டு லிட்டரை. "மனுசங்களுக்கு ஒண்ணும் பண்ணாதுக்கா, இறாவுக்குத்தான் ஆவாது" என்று ரெண்டு தடவை சொன்னேன். அக்கா காதில் அது விழுந்த மாதிரியே இல்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் வாயோரம் ஈரம். அக்காவின் கையில் அப்போதுதான் அவருக்குப் புகட்டி முடித்த பாலாடைக் கிண்ணம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு அக்கா சொன்னார்: "அந்தத் தண்ணியத்தான தம்பி அவருக்கும் ரெண்டு வேள நான் ஊட்டறேன்."

ஒரு தொட்டியைக் காப்பாற்றப் போய், தொட்டியும் பிழைக்காமல், அந்த வீட்டில் ஒருத்தி கையால் இன்னொருத்தர் குடிக்கிற தண்ணியையும் கெடுத்துவிட்டு வந்தவன் இந்தத் தொழிலில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.