கழிப்பறை நடையில் மாட்டிய ஆத்தடித் தோட்டம்

1. முதல் நாள்

அனுமதியில்லாமல் ஒட்டிய போஸ்டர்களைச் சுரண்டும் குத்தகைக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே, மலேசியாவில் ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்கில், காய்ந்த சுவரில் ஸ்க்ரேப்பரைப் போட்டுக் கையைக் கிழித்துக்கொண்டேன். சூப்பர்வைசர் மணியம் அண்ணன் கத்தினார்.

"மொதல்ல தண்ணி அடி லா! ஊறட்டும்!"

ஊறினால் பத்துப் பதினைந்து போஸ்டர்கள் ஒரே தகடாகக் கழன்று வரும். டியூஷன், கச்சேரி, தேர்தல் என்று ஒன்றன்கீழ் ஒன்று. குப்பையில் போட மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பலகையில் ஒட்டி, மேலடுக்குகளை அங்கங்கே உரித்துப் படமாக்கினேன். வேலையை விட்ட பிறகும் அந்தக் கிறுக்கு விடவில்லை.

2. மூடச் சொன்ன இடம்

ஈப்போ பழைய டவுனில் ஒரு கண்காட்சிக்கு நான் செய்த படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். கோப்பெங் பஸ் ஸ்டாப்பில் கழற்றிய தகடு அது. மேலே சொகுசு வீடு விற்கும் போஸ்டர். பாதி உரித்த இடத்தில், அடியிலிருந்த மாரியம்மன் திருவிழா போஸ்டர் தெரியும். நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயங்களை, அந்த வரிசை வீடுகளை, இடித்த இடத்தில்தான் அந்த வீடுகள் நிற்கின்றன. துரைமார் பதிவேட்டில் தோட்டத்துக்கு வேறு பெயர். 'ஆத்தடித் தோட்டம்' என்று நாங்கள் வைத்த பெயர் அச்சில் வந்தது அந்தக் கோயில் போஸ்டரில் மட்டும்தான்.

"வீடு கட்டின டத்தோதான் நமக்கு ஸ்பான்சர் அக்கா," என்றாள் ஏற்பாட்டாளர் ரேவதி. "அவரு போஸ்டர் மேல ஒரு வெள்ளப் பேப்பர் ஒட்டிருங்க லா."

"ஒட்ட மாட்டேன். வேணாம்னா படத்தக் குடு, நான் போறேன்."

கடைசியில் படத்தைக் கழிப்பறைக்குப் போகும் நடையில் மாட்டினார்கள். அவமானமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன், அந்தப் பக்கம் வராத மனுஷர் யார்? பட்டுப்புடவையோடு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

மதியம், சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கிய அந்த முதலாளியும் வந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"ஏம்மா, என் போஸ்டர எதுக்கு சாமி மேல ஒட்டின?"

"ஒட்டினது உங்க ஆளுங்க டத்தோ. நான் உரிச்சேன், அவ்வளவுதான்."

அவர் திரும்பி நடந்தார்.

"ஆத்தடித் தோட்டம், டத்தோ!" என்று முதுகுக்குப் பின்னால் உரக்கச் சொன்னேன். கழிப்பறை வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள்.

படம் செய்யும் இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, படத்தை எங்கே வேண்டுமானாலும் மாட்டட்டும். மூட மட்டும் விடாதீர்கள்.