பெக்கான் நானாஸில் ஒரு சாவிப் பாட்டு

நனைந்த சாம்பலின் வாடை. காரின் கண்ணாடியை இறக்கியதும் அதுதான் முதலில் ஏறி வந்தது. அன்னாசியின் இனிப்பு அதன் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. இந்தச் சாம்பலை எனக்குத் தெரியும். ராஜபாளையத்தில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தெருக்கோடிப் பஞ்சுக் கிடங்கு எரிந்தது. தீயணைப்பு வண்டி போன பிறகும் பொதிகள் வெளியே குளிர்ந்து உள்ளே கனன்றுகொண்டிருந்தன. யாராவது ஒன்றைப் புரட்டினால் போதும், தூக்கம் கலைந்த மிருகம்போல அது மூச்சு விடும்.

"இங்க மண்ணே அப்படித்தான் சார்," என்றார் ஓட்டுநர் குணா. "மேல தண்ணி ஊத்தி அணைச்சிட்டோம்னு வீட்டுக்குப் போயிருவோம். அது அடியிலயே நடந்துபோயி அடுத்த தோட்டத்துல எந்திரிக்கும்."

செனாய் விமான நிலையத்திலிருந்து பெக்கான் நானாஸுக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நாற்பத்தெட்டு ரிங்கிட். வழியில் தொழிற்சாலைகள் தீர்ந்து செம்பனை வந்தது, செம்பனை தீர்ந்து அன்னாசி வந்தது. அன்னாசி நிற்கும் மண் கறுப்பு. கம்புட் என்கிறார்கள் மலாயில். ஆயிரம் வருட இலையும் வேரும் தண்ணீருக்குள் கிடந்து, மக்கவும் முடியாமல் கல்லாகவும் முடியாமல் நடுவில் நின்றுபோன மண். ஈரமாக இருக்கும்வரை சாது. வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டால், அது விறகு.

அந்த வாய்க்கால்களில் ஒன்றை மறித்து, சதுப்பை மறுபடி நனைக்க ஊர்க்காரர்கள் சிலர் கிளம்பியிருக்கிறார்கள், அதற்கான பணத்தை பிளாக்செயின் வழியாகத் திரட்டுகிறார்கள், அதற்காகக் கோயில் மண்டபத்தில் வகுப்பு நடத்துகிறார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்குப் பயணம் கிளம்ப இதில் பாதிக் காரணம்கூடத் தேவைப்படாது.

*

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபம். தரையில் பாய், சுவரில் வெள்ளைத் துணி, அதில் கைப்பேசித் திரை பெரிதாக விழுந்திருந்தது. முப்பது பேர் இருக்கலாம், பெண்களே அதிகம். பாடம் எடுத்தவள் ஷாமினி. வாரநாட்களில் சிங்கப்பூரில் கணினி வேலை, வார இறுதியில் வீடு.

"இது பேங்க் இல்ல," என்று எனக்காக ஒருமுறை முதலிலிருந்து சொன்னாள். "ஒரே கணக்கு, உலகம் பூரா ஆயிரம் கம்ப்யூட்டர்ல இருக்கு. யாரும் தனியா அழிக்க முடியாது. எங்கெங்கயோ இருக்கவங்க அஞ்சு, பத்துன்னு போடுறாங்க. வாய்க்கால் தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு நாங்க படம் போடுவோம். அதைப் பார்த்து அடுத்த பங்கு வரும். வந்த பணம் ஒரு பெட்டியில இருக்கும். பெட்டிக்கு மூணு சாவி. ஏதாவது ரெண்டு சேர்ந்தாத்தான் திறக்கும்."

மூன்று சாவிகளும் மூன்று பெண்களிடம். முதல் சாவி லெட்சுமி. என் வயதுதான் இருக்கும். தொழிற்சாலைகளுக்கு மதியச் சோறு கட்டி அனுப்புகிறவர். இந்தத் திட்டமே அவர் வீடு வீடாகப் போய்ப் பேசி உண்டானது. இரண்டாவது பரமேஸ்வரி, செனாயில் பகல் ஷிப்டில் இருந்ததால் அன்று வரவில்லை. மூன்றாவது ரொஹானி, வாய்க்காலை ஒட்டி அன்னாசி போட்டிருக்கும் மலாய்க்காரப் பெண். போன வறட்சியில் மண்ணுக்கடியில் வந்த தீ ரொஹானியின் தோட்டத்தில் பாதியைத் தின்றுவிட்டது. அடுத்த வறட்சிக்குள் தடுப்பு எழும்பாவிட்டால் மீதியும் போகும். தடுப்புக்கு இடம் கொடுத்ததும் ரொஹானிதான். "லெச்சு சொன்னா சரியா இருக்கும்" என்று கொடுத்தாராம்.

இங்கே ஒரு விதி எனக்குப் பிடித்துப்போனது. புரியாமல் யாரும் பொத்தானை அமுக்கக் கூடாது. கேட்பவர் என்ன, ஏன் என்று முழுதும் சொல்ல வேண்டும்; அமுக்குகிறவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் படித்துப் பார்க்காமல் கைநாட்டு வைத்தவர்களின் பிள்ளைகள் போட்ட விதி. செயலி முழுக்க ஆங்கிலத்தில் இருப்பது ஒரு குறைதான். விதி அதைத் தாண்டி நின்றது. எங்கள் ஊரில் கண்மாய் தூர்வார நாங்கள் கூடியபோது ஒருவரிடம் பணத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, கணக்குக் கேட்பது மரியாதையில்லை என்று இருந்துவிட்டோம்.

வகுப்பு முடிந்து மீஹூன் வந்தது, அரிசிச் சேமியா வறுவல். திருவிழாக் கும்மிக்குப் பயிற்சி என்று பெண்கள் எழுந்தார்கள். லெட்சுமி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கைதட்டிச் சுற்றினார்கள்.

*டைகர் வந்தது ஸ்பூனைத் தேடி,
வின்டர் காலம் அம்ப்ரெல்லா மூடி...*

நான் ரசித்துச் சிரித்தேன். ஷாமினி சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த தட்டு சாய்ந்து மீஹூன் பாயில் சரிந்தது.

"ஆன்ட்டி. அது உங்க பன்னெண்டு வார்த்தை."

ஒவ்வொரு சாவிக்கும் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் உண்டு. கைப்பேசி தொலைந்தால் அந்தச் சொற்களை வரிசையாகச் சொல்லி யாரும், எங்கிருந்தும், அதே சாவியை மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம். காகிதம் நனையும், கிழியும், அதனால் மனப்பாடமும் பண்ணிக்கொள்ளுங்கள் என்று ஷாமினி சொல்லியிருந்தாள். லெட்சுமிக்கு மனப்பாடம் என்றால் மெட்டுத்தான்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னேனே ஆன்ட்டி."

"சொல்லலம்மா. பாடினோம்." லெட்சுமியின் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டாவது கண்ணி பரமேசுவோடது."

"ரெண்டு சாவியுமா?"

பக்கத்திலிருந்த பெண் மெல்லச் சொன்னாள். "நேத்துப் பயிற்சிய கோயில் பேஸ்புக்குல போட்டுட்டாங்களே."

மண்டபத்தில் கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. ஷாமினி திரையைப் பார்த்தாள். பெட்டியில் பணம் இன்னும் இருந்தது. புதுப் பெட்டி ஒன்றை அங்கேயே உண்டாக்கினாள், புதுச் சொற்களோடு. பழையதிலிருந்து மாற்ற இரண்டு சாவி வேண்டும். லெட்சுமி தன்னுடையதை அமுக்கினார். பரமேஸ்வரியின் கைப்பேசி தொழிற்சாலை வாசலில் பூட்டுப்பெட்டிக்குள் இருந்தது. பாட்டைக் கேட்டே அவர் சாவியை உண்டாக்கிவிடலாம்தான், ஆனால் அவர் வாயால் திருப்பிச் சொல்லாமல் அதை அமுக்குவது விதிக்கு விரோதம். மிச்சம் ரொஹானி. அவர் அழைப்பை எடுக்கவில்லை, தோட்டத்துக்குக் கைப்பேசியைக் கொண்டுபோனாலும் காதில் கேட்காத தூரத்தில் மாட்டிவைக்கிறவராம்.

குணா டீயை வைத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். "ஏறுங்க."

*

ஏழு கிலோமீட்டர். கடைசி இரண்டு கறுப்பு மண்பாதை. லெட்சுமி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒருமுறை பின்னால் திரும்பி ஷாமினியிடம் கேட்டார்: "பாதுகாப்புக்காக மாத்துறோம்னு மட்டும் சொன்னா போதாதாம்மா?"

ஷாமினி ரொஹானியின் எண்ணை மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கும் அவசரம்தான்.

ரொஹானி தொப்பியும் முழங்கை வரை துணியுறையுமாக அன்னாசி வரிசைக்குள் நின்றார். தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் லயத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். தமிழ் தடையில்லாமல் வந்தது.

"என்ன லெச்சு, படையோட வந்திருக்க. சோறு மிஞ்சிப் போச்சா?"

"காக்," என்று மலாயில் அக்காவாக அழைத்தார் லெட்சுமி. "ஒண்ணு அமுக்கணும். பணத்தைப் புதுப் பெட்டிக்கு மாத்துறோம். பழசு அவ்வளவு பாதுகாப்பா இல்ல."

"ஏன் இல்ல?"

லெட்சுமி வாய்க்காலைப் பார்த்தார். தேநீர் நிறத் தண்ணீர் அவசரமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் எரிந்த பாதி: கரிக்குச்சிகளாக நின்ற மரங்கள், அவற்றின் காலடியில் ஃபெர்ன் செடிகள்.

"அவசரம் காக். அமுக்குங்க, அப்புறம் சொல்றேன்."

"முதல்ல சொல்லு லா. நீதானே விதி போட்ட?"

ஷாமினி வாயைத் திறந்தாள். லெட்சுமி கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். பிறகு சொன்னார். மெட்டு, கும்மி, இரண்டு கண்ணி, பேஸ்புக், எதையும் விடாமல். சொல்லும்போது ரொஹானியின் முகத்தைத்தான் பார்த்தார். எரிந்த பக்கம் திரும்பவில்லை.

ரொஹானி உறையைக் கழற்றினார். குச்சியில் தொங்கிய பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். எனக்கு அவர் முகத்தில் எதுவும் படிக்கக் கிடைக்கவில்லை.

"நீயும் பரமேசும் சாவியைப் பாட்டாக்கி ஊருக்கே குடுத்துட்டீங்க. நான் இப்ப அமுக்கினா, யாரும் எடுக்கிறதுக்கு முன்ன பணம் புதுப் பெட்டிக்குப் போயிரும். அதுக்கும் மூணு சாவி, அதுல ஒண்ணு எனக்கு. சரியா?"

"சரி."

"புதுசையும் பாடுவியா?"

"மாட்டேன்."

அமுக்கினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. காற்று இலைகளை வாரிவிட்டது. ஒரு சிறு வட்டத்துக்காக ஐந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அந்தக் கறுப்பு மண் இதற்குமுன் பார்த்திருக்காது. பச்சைக் குறி விழுந்தது. ஷாமினி புதுப் பெட்டியைத் திறந்து காட்டினாள். எல்லாம் வந்திருந்தது.

லெட்சுமி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "கோவமா காக்?"

"கோவம்தான்." ரொஹானி கத்தியால் ஒரு பழத்தை அறுத்து, தோலைச் சீவி, முதல் துண்டை லெட்சுமிக்கு நீட்டினார். "அலமாக், டைகருக்கு எதுக்கு ஸ்பூன்?"

முதலில் சிரித்தது குணா.

*

செவ்வாய் மாலை மறுபடி வகுப்பு. அன்று பாடம் எடுத்தவர் லெட்சுமி. பரமேஸ்வரி பக்கத்தில் நிற்க, செத்துப்போன அந்தப் பழைய சொற்களை அதே மெட்டில் பாடிக் காட்டினார். "இதுல என்ன தப்பு, கண்டுபிடிங்க," என்றார். புதிதாக வந்திருந்த பெக்கான் நானாஸ் கடைக்காரர் ஒருவர், மெட்டு சரியில்லை என்றார். மண்டபம் சிரித்து அடங்கிய பிறகு லெட்சுமி விளக்கினார். முன்வரிசையில் ரொஹானி உட்கார்ந்து, மலாய்க்காரப் பெண்கள் இருவருக்கு வரிக்கு வரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பிளாக்செயின் பற்றி நான் படித்தவையெல்லாம் யாரையும் நம்பத் தேவையில்லாத உலகம் என்றே தொடங்கின. இங்கே நான் பார்த்தது நேர்மாறு. நம்பிக்கையைத் தூக்கி எறியவில்லை இவர்கள். அதைத் தினமும் வாயால் சொல்லிச் சரிபார்க்கிறார்கள்.

புதன்கிழமை தடுப்புக்கான பலகைகள் லாரியில் வந்தன. ரொஹானி தன் அன்னாசி வேர் அழுகாத உயரத்தைக் குச்சி நட்டுக் காட்டினார். தண்ணீர் அதற்குமேல் ஏறாதபடி பலகையில் நீர் வழியும் வாய் வெட்டுவது என்று முடிவானது. முதல் பலகை இறங்கியதும் தேநீர் நிறத் தண்ணீர் தயங்கி, சுழன்று, சதுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

வியாழன் காலை குணாவின் கார் விமான நிலையத்துக்குக் காத்திருந்தது. லெட்சுமி சோற்றுப் பொட்டலம் ஒன்றை என் மடியில் வைத்துவிட்டுக் கதவருகே நின்றார்.

"இதையெல்லாம் எழுதுவேன்," என்றேன். "உங்க பேரை மாத்திடட்டுமா?"

"மாத்தாதீங்க அண்ணே. என் பேரு இல்லாம எழுதினா, யாரோ விவரம் தெரியாதவ பண்ணிட்டான்னு நெனச்சுக்கிட்டு அவங்களும் பாடுவாங்க."